சார்ஜருக்குள் பிரவுசர் இல்லை, ஆனாலும் முகமூடி உண்டு

உளுந்தூர்பேட்டை அருகே ஓர் ஓட்டல் வாசலில் மின்காருக்குச் சார்ஜ் போட்ட வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். போனில் 'ஸ்டார்ட்' தொட்ட இரண்டாவது நொடியில் சார்ஜருக்குள் 'டக்'கென்று சத்தம் கேட்டு மின்சாரம் பாய்ந்ததாம். எப்படி என்று தேடினால் வெப்சாக்கெட் என்கிறார்கள், அது பிரவுசர் சமாசாரம் ஆயிற்றே, சார்ஜருக்குள் பிரவுசரா இருக்கிறது என்பது முதல் கேள்வி. அதே சார்ஜர் போன வாரம் பச்சை விளக்கு எரிய நின்றும், ஆப் மட்டும் 'ஆஃப்லைன்' என்று சாதித்தது ஏன் என்பது இரண்டாவது.

பிரவுசர் இல்லை. வெப்சாக்கெட்டின் பிறந்த வீடு பிரவுசர்தான். 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற இணைய விதி ஆவணமாக அது உறுதியானது. ஆனால் அடிப்படையில் அது ஒரு டிசிபி இணைப்பின்மேல் (தகவலைத் தவறாமல், வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் இணைய இணைப்பு) இரண்டு பேர் இஷ்டப்பட்ட நேரத்தில் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. பைத்தானில் எழுதிய நிரலும் பேசலாம், சி-யில் எழுதி ஒரு சின்னச் சில்லுக்குள் ஓடும் நிரலும் பேசலாம். பல நாடுகளில் பொது சார்ஜர்கள் தங்கள் சர்வரோடு பேசும் ஓசிபிபி என்ற மொழி நெதர்லாந்தில் தொடங்கியது. 2015-இல் வந்த அதன் 1.6 பதிப்பின் ஜேசன் வடிவம் (ஜேசன் என்பது தகவலை எளிய எழுத்துகளாக எழுதும் முறை) முழுக்க வெப்சாக்கெட்டின்மேல்தான் ஓடுகிறது.

இதில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்? சர்வர் சார்ஜரைக் கூப்பிடுவதில்லை, கூப்பிடவும் முடியாது. சார்ஜருக்குள் இருப்பது ஒரு சிம் கார்டு. அதற்குப் பெரும்பாலும் வெளியுலகுக்குத் தெரிந்த சொந்த முகவரி கிடையாது. வெளியே பேசலாம், உள்ளே அழைப்பு வராது என்று பூட்டிவைத்த பழைய ஆபீஸ் போன் மாதிரி அதன் நிலை. ஐந்து நொடிக்கு ஒருமுறை "எனக்கு ஏதாவது வேலை உண்டா?" என்று சார்ஜரே கேட்டுக்கொண்டிருக்கலாம். அப்படிக் கேட்டால் ஒரு நாளைக்கு 17,280 முறை, அதில் முக்கால்வாசிக்கும் மேல் "இல்லை" என்றுதான் பதில் வரும். அதனால் மின்சாரம் வந்ததும் சார்ஜர் ஒரே ஒருமுறை சர்வரைக் கூப்பிட்டு, போனைக் கீழே வைக்காமல் காதிலேயே வைத்துக்கொள்கிறது. உங்கள் 'ஸ்டார்ட்' போனிலிருந்து சர்வருக்குப் போய், அங்கே ஏற்கெனவே திறந்திருக்கும் அந்த இணைப்பு வழியாக இறங்குகிறது.

தொடக்கம், பிரவுசர் வலைப்பக்கம் கேட்கப் பயன்படுத்தும் சாதாரண எச்டிடிபி கோரிக்கைதான். "இனி வெப்சாக்கெட்டில் பேசலாமா?" என்று கேட்டால் சர்வர் 101 என்ற எண்ணோடு சம்மதிக்கும். அதற்குப் பிறகு எச்டிடிபிக்கு வேலை இல்லை, சின்னச் சின்ன சட்டகங்கள், அதாவது செய்தியைச் சுமக்கும் பொட்டலங்கள், மட்டுமே போகும், வரும். 'சார்ஜைத் தொடங்கு' என்ற செய்தி 2 என்ற எண்ணில் ஆரம்பிக்கும் ('இது கோரிக்கை' என்று பொருள்), பிறகு ஓர் அடையாள எண், பிறகு கட்டளையின் பெயர். பதில் 3-இல் ஆரம்பிக்கும், கோளாறு என்றால் 4. சர்வரிலிருந்து வரும் சட்டகத்தில் 125 பைட் வரையான செய்திக்குத் தலைப்பு (செய்திக்கு முன்னால் ஒட்டும் குறிப்பு) வெறும் 2 பைட்.

ஆனால் சார்ஜர் அனுப்பும் சட்டகத்துக்கு மட்டும் தலைப்பு 6 பைட். கூடுதலாக ஒட்டிக்கொண்ட அந்த 4 பைட்டுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத ஒப்புக்கொண்டேன்.

அவை முகமூடிச் சாவி. கிளையண்ட், அதாவது சர்வரைக் கூப்பிடும் பக்கம், ஒவ்வொரு சட்டகத்துக்கும் புதிதாக நான்கு எண்களைக் குலுக்கி எடுத்து, செய்தியின் ஒவ்வொரு பைட்டையும் அவற்றோடு வரிசையாக எக்ஸார் செய்கிறது. எக்ஸார் என்பது, இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1, அவ்வளவுதான். 'அ' என்ற எழுத்து, எழுத்துகளை எண்களாக்கும் யுடிஎஃப்-8 முறையில் 224, 174, 133 என்று மூன்று பைட். சாவி 55, 250, 33, 61 என்று வைத்துக்கொள்வோம். 224 என்பது 11100000, 55 என்பது 00110111. மேலும் கீழுமாக வைத்து ஒப்பிட்டால் 11010111, அதாவது 215. அப்படியே மற்ற இரண்டும் 84, 164 ஆகின்றன. கம்பியில் போவது 215, 84, 164. மறுமுனையில் 215-ஐ மறுபடி 55-உடன் எக்ஸார் செய்தால் பழைய 224 திரும்பி வந்துவிடும். போட்ட முகமூடியையே இன்னொருமுறை போட்டால் கழன்றுவிடுகிறது!

சரி, இது ரகசியக் குறியீடா என்றால், இல்லை. சாவி அதே சட்டகத்தில், செய்திக்கு முன்னாலேயே வெளிப்படையாகப் போகிறது. பூட்டின்மேலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி. முதன்முதலில் படித்தபோது யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

காரணம் 2010-இல் இருக்கிறது. அன்றைக்குப் பல அலுவலகங்களிலும் வலையமைப்புகளிலும் நடுவில் ப்ராக்ஸி என்ற இடைத்தரகர் இருப்பார். அடிக்கடி கேட்கப்படும் கோப்புகளைச் சேமித்துவைத்து எல்லோருக்கும் கொடுப்பது அவர் வேலை. வெப்சாக்கெட் என்ற புது மொழி சில தரகர்களுக்குத் தெரியாது. ஒரு திருடனின் பக்கத்தை நீங்கள் திறக்கிறீர்கள். அது உங்கள் பிரவுசர் வழியாகத் திருடனின் சர்வருக்கே வெப்சாக்கெட் திறந்து, அதற்குள் ஒரு பிரபல தளத்தின் கோப்பைக் கேட்கும் எச்டிடிபி கோரிக்கை போலவே எழுத்து எழுத்தாக அனுப்புகிறது. தரகர் அதை உண்மையான கோரிக்கை என்று நம்புகிறார். திருடனின் சர்வர் விஷம் கலந்த கோப்பைப் பதிலாகத் தர, தரகர் அதைப் பிரபல தளத்தின் பெயரில் சேமித்துவைத்து ஆபீஸ் முழுக்க விநியோகிக்கிறார்.

ஆடம் பார்த், எரிக் ரெஸ்கார்லா, காலின் ஜாக்சன் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்களின் குழு இது நடக்கக்கூடியது என்று காட்டியது. இணைய விளம்பர இடம் வாங்கி, உண்மையான பயனர்களின் பிரவுசர்களிலிருந்தே சோதித்தார்கள். 2010 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 4-இன் சோதனைப் பதிப்பும் ஓப்பராவும் வெப்சாக்கெட்டை அணைத்தே வைத்துவிட்டன. புதிதாக ஒன்றைக் கட்டுவதற்குக் கிடைக்கும் பணம், கட்டியது யார் தலையில் விழும் என்று பார்ப்பதற்கு நம் கல்லூரிகளில் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். அது கிடக்கட்டும்.

அதற்கு மருந்துதான் முகமூடி. படிப்பவரிடமிருந்து மறைப்பது அதன் நோக்கமே இல்லை. எழுதுபவனுக்கே, தான் எழுதியது கம்பியில் என்ன உருவத்தில் போகும் என்று தெரியாமல் செய்வதுதான் நோக்கம். சாவியைக் குலுக்கி எடுப்பது பிரவுசர். பக்கத்தில் ஓடும் நிரலுக்கு அதை முன்கூட்டி ஊகிக்க வழியில்லை. திருடன் எதை அனுப்பினாலும் தரகர் கண்ணில் படுவது குப்பை.

இப்போது சார்ஜருக்கு வாருங்கள். அதில் ஊர்பேர் தெரியாத பக்கங்கள் திறப்பதில்லை, திருட்டு நிரலும் ஓடுவதில்லை. டிஎல்எஸ் என்ற உண்மையான ரகசியக் குறியீடு போட்டிருந்தால் நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் புரியவும் புரியாது. இருந்தாலும் முகமூடி கட்டாயம். திவசத்தன்று பாலைக் குடித்துவிடும் என்று பூனையைத் தூணில் கட்டிவைத்த வீட்டில், பூனை செத்தபிறகும் அடுத்த தலைமுறை இரவல் பூனை கொண்டுவந்து கட்டிய கதை நமக்குத் தெரியும். சார்ஜர் கட்டுவது அந்த இரவல் பூனையைத்தான். ஒரு வித்தியாசம், இங்கே பூனையைக் கட்டுவதற்கும் காரணம் சொல்லலாம். எதிரே இருப்பது பிரவுசரா சார்ஜரா என்று சர்வரால் நம்பகமாகச் சொல்ல முடியாது. ஆளுக்கொரு விதி வைப்பதைவிட எல்லோருக்கும் ஒரே விதி எளிது, எக்ஸாருக்குச் செலவும் அற்பம். வீட்டில் முகமூடி போடாத ஒரு கிளையண்டை எழுதிப் பார்த்தேன். முதல் சட்டகம் போனதுமே சர்வர் 1002, அதாவது 'நெறிமுறைப் பிழை', என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சிம் நிறுவனத்தின் கருவி, இந்தச் சார்ஜர் இந்த சர்வரோடு பேசுகிறது என்று ஒரு பட்டியலில் குறித்துவைத்திருக்கும். கொஞ்ச நேரம் பேச்சுமூச்சு இல்லையென்றால் அந்த வரியை அழித்துவிடும், யாருக்கும் தகவல் சொல்லாமல். இதைத் தடுக்கத்தான் வெப்சாக்கெட்டில் பிங், பாங் என்ற சின்னச் சட்டகங்கள் உண்டு. பிங்கில் வந்த தகவலையே பாங்கில் திருப்பித் தர வேண்டும். சர்வர் பிங் அனுப்பிப் பாங் வராவிட்டால் 'ஆஃப்லைன்' என்று குறித்துவிடும், உங்கள் ஆப் காட்டுவது அதைத்தான். சார்ஜரோ செத்த போனைக் காதில் வைத்தபடி நிற்கும். அதன் பச்சை விளக்குக்கு 'என் உடம்பு நன்றாக இருக்கிறது' என்பது மட்டுமே அர்த்தம். அடுத்துத் தானாக ஏதாவது அனுப்பிப் பார்த்தால்தான் அதற்கு உறைக்கும். சார்ஜருக்குள் ஓடுவது லினக்ஸ் இயங்குதளமாக இருந்து, அதன் வழக்கமான அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால், திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து நம்பிக்கை இழக்கவே சுமார் 15 நிமிடம் ஆகும்.

மெயினை அணைத்துப் போட்டால் அந்தக் காத்திருப்பு மிச்சம். பழைய இணைப்பு மறந்துபோய், 'நான் எழுந்துவிட்டேன்' என்ற பூட் அறிவிப்போடு சார்ஜர் புதிதாகக் கூப்பிடும். வாசகர் கடிதத்தின் கடைசி வரி இது: ஓட்டல்காரர் சார்ஜரில் கட்டியிருந்த பழைய எலுமிச்சை, மிளகாயை அவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கட்டினாராம், உடனே சரியாகிவிட்டதாம். கட்டும்போது ஷாக் அடிக்கக் கூடாதே என்று மெயினை அணைத்திருக்கிறார்.