டெமோவில் ஓடியது, கம்பெனியில் ஓடவில்லை

இந்த மாதமும் ஒரு பனியன் கம்பெனி முதலாளி வந்தார். முழுப் பணத்தையும் கட்டி, பில், கையிருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஈஆர்பி சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார். கையிருப்பு ரிப்போர்ட்டைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் ஸ்கிரீன் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "டெமோவுல பட்டுனு வந்துச்சுங்க, என் கண்ணால பார்த்தேனுங்க" என்கிறார். விற்றவர்களைக் கேட்டால், "அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும் சார்."

"கண்ணால பார்த்தேன்" என்று கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. என்ன பார்த்தீர்கள்? பட்டனை அமுக்கினார்கள், ரிப்போர்ட் வந்தது. அந்த நொடியில் கணக்குப் போட்டு வந்ததா, முன்பே செய்து வைத்த பக்கமா என்பது கண்ணுக்குத் தெரியாது. கணக்குப் போட்டே வந்திருக்கட்டும், அதில் இருந்தது இருபது ஐட்டம். உங்களுடையது ஸ்டைல், கலர், சைஸ் என்று பெருக்கினால் பல ஆயிரம். அங்கே ஒருவர் பில் போட்டார். உங்களிடம் பில்லிங், குடோன், அக்கவுண்ட்ஸ் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருவார்கள். டெமோ காட்டியவர்கள் அமுக்காமல் விட்ட பட்டன்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமல்கூட இருக்கலாம். சாம்பிள் பீஸ் சாம்பிள் டெய்லர் கையால் தைத்தது, லைனில் ஓடுவது வேறு என்பது உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையே. இதில் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய ஐஃபோன் அரைகுறை. எதற்குப் பின் எதைத் தொட்டால் தொங்காது என்று ஒரு வரிசையைக் கண்டுபிடித்து வைத்ததையும், சிக்னல் எப்போதும் ஐந்து கோடு காட்டும்படி எழுதி வைத்ததையும் அதில் வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்னார்கள். ஜூன் கடைசியில் விற்பனைக்கு வந்தபோது ஓடியது, உண்மைதான். உங்களுக்கு விற்றவரிடம் அந்த இன்ஜினியர் படை இல்லை. 2023 டிசம்பரில் கூகுள் தன் ஏஐ-யான ஜெமினியைக் காட்ட வெளியிட்ட வீடியோவில், பேசப் பேச அது பதில் சொல்வதுபோல இருந்தது. அசையாப் படங்களையும் எழுத்தில் கொடுத்த கேள்விகளையும் வைத்துச் செய்தது என்று கூகுளே பிறகு ஒப்புக்கொண்டது.

டெமோ போடுகிற பையன்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் தொங்குகிற ஸ்கிரீனை யாரும் திறந்து காட்ட மாட்டோம், அவ்வளவுதான். நீங்கள்தான் திறக்கச் சொல்ல வேண்டும்.

உங்கள் ஐட்டம் லிஸ்ட்டை எக்செல்லில் கொண்டுபோய் ஏற்றச் சொல்லுங்கள். மவுஸை வாங்கி உங்கள் பில்லிங் பெண்ணிடம் கொடுங்கள். 2025 செப்டம்பர் 22க்கு முன் 12 சதவீத ஜிஎஸ்டியில் விற்ற 1,200 ரூபாய் ஜாக்கெட் இன்று ரிட்டர்ன் வந்தால் அந்தத் தொகையைக் கழிக்கிற கிரெடிட் நோட் எப்படி வரும் என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பழைய 12 வர வேண்டும். இப்போதைய 5 விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள், டெமோவில் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவாகும் பில்) கியூஆர் கோடு வந்ததும் குளிர்ந்துபோகாதீர்கள்; பெரும்பாலும் அது சோதனைத் தளம் கொடுத்த பதிவு எண், எங்கும் செல்லாது.

"வரும்" என்று அவர்கள் சொல்வதையெல்லாம் "இல்லை" என்று குறித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை, ஒரு மாதக் கணக்கு முடித்துக் கையிருப்பு ஒத்துப்போன பிறகு. அதுவரை பழைய சாஃப்ட்வேரை நிறுத்தாதீர்கள். இரண்டிலும் ஏற்றுவது இரட்டை வேலை, பில்லிங் பெண் திட்டும். திட்டட்டும்.