முடி முளைக்காத குழந்தையா? இரத்தத்தையும் பாருங்கள்

முடி இல்லை என்று ஒரு மருத்துவர், ஓயாத சளிக்கு இன்னொருவர், வாயில் படர்ந்த பூஞ்சைக்கு மூன்றாமவர். ஐந்து மாதக் குழந்தையின் கோப்பில் மூவரின் மருந்துச் சீட்டும் இருந்தன. தலையில் மட்டுமல்ல, புருவத்திலும் இமையிலும் ஒரு முடி கிடையாது. அதே கோப்பில் இருந்த இரத்தப் பரிசோதனைத் தாளில், லிம்போசைட் (நோயெதிர்ப்பு வெள்ளணு) எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ‘குறைவு’ என்று அச்சாகியிருந்தது. யாரும் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. இப்படி வரும் முதல் குழந்தையும் இது இல்லை.

“முடிக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?” என்று பெற்றோர் கேட்பது நியாயம். மருத்துவம் படித்தவர்களும் கேட்கும்போதுதான் ஆற்றாமையாக இருக்கிறது. முடிக்கென்று ஒரு மரபணு, நோயெதிர்ப்புக்கென்று வேறொன்று என்ற நினைப்பை முதலில் விடுங்கள். உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருப்பது அதே மரபணுத் தொகுப்புதான். எது, எந்தத் திசுவில், கருவின் எந்தக் கட்டத்தில் செயல்படுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இப்படிப்பட்ட குழந்தைகளில் பழுதாகியிருக்கக்கூடிய ஃபாக்ஸ்என்1 என்ற மரபணு தானாக முடியையும் கட்டாது, டி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணு முதிரும் தைமஸ் சுரப்பியையும் கட்டாது. அது தரும் புரதம் டிஎன்ஏ-வில் போய் உட்கார்ந்து மற்ற மரபணுக்களை இயங்க வைக்கும். தைமஸின் எபிதீலிய (உறைபோர்த்தும்) செல்களில் டிஎல்எல்4, சிசிஎல்25 போன்ற மரபணுக்களை அது முடுக்கிவிடுகிறது. அவைதான் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் முன்னோடிச் செல்களை உள்ளே அழைத்து டி செல்லாக மாற்றுகின்றன. மயிர்க்காலிலும் நக வேரிலும் அதே புரதம், முடிக்கும் நகத்துக்கும் வலுத் தரும் கெரட்டின் மரபணுக்களை முடுக்குகிறது. அங்கே அதற்கு மேலிருந்து உத்தரவு தருவது ஹாக்ஸ்சி13 என்ற இன்னொரு மரபணு. ஆள் ஒருவர், வேலை இடத்துக்கு இடம் வேறு.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபாக்ஸ்என்1 பழுதான குழந்தைகளுக்கு மயிர்க்கால் இல்லாமல் இல்லை. இதே மரபணு பழுதான எலியின் தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் மயிர்க்கால்கள் இருக்கும்; முடித்தண்டுதான் வலுவில்லாமல் வளைந்து, வெளியே வரும் முன்பே ஒடிந்துவிடும். மழித்தாலும் சரி, எதைத் தடவினாலும் சரி, பயன் இல்லை. அந்த முடியற்ற எலியைப் பற்றி 1966-இல் எழுதினார்கள், அதற்குத் தைமஸ் இல்லை என்று 1968-இல் கண்டார்கள், மரபணுவை 1994-இல் பிடித்தார்கள். மனிதரில் இதே கோளாறு 1999-இல் உறுதியானது. இவ்வளவு காலம் ஆகியும் கோப்பில் மூன்று சீட்டுகள் தனித்தனியாகக் கிடக்கின்றன!

பயப்படவும் வேண்டாம். முடி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் ஏராளம், பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள். இது மிக அரிய நோய். ஆனால் புருவமும் இமை முடியும் சேர்ந்து இல்லை, நகம் குழிந்தோ சிதைந்தோ இருக்கிறது, தொற்று விடாமல் வருகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். கைக்குழந்தையின் லிம்போசைட் மைக்ரோலிட்டருக்கு 3000-க்குக் கீழே போனால் விசாரிக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் சந்தேகம் தீராது. தாயின் டி செல்கள் குழந்தைக்குள் குடியேறி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டலாம். டி செல் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். முடிவு வரும்வரை பிசிஜி, ரோட்டா, வாய்வழி போலியோ போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளை நிறுத்தி வையுங்கள். இரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு செலுத்திய இரத்தம்தான் ஏற்ற வேண்டும். இதைப் படித்துவிட்டு நலமான குழந்தையின் தடுப்பூசியைத் தயவுசெய்து தள்ளிப்போட வேண்டாம். இது சந்தேகம் உள்ள குழந்தைக்கு மட்டும்.

மஜ்ஜை மாற்றினால் போதாதா என்பார்கள். மஜ்ஜை தரும் விதை நன்றாகத்தான் இருக்கிறது, தைமஸ் என்ற நாற்றங்கால்தான் இல்லை. வேறு குழந்தைகளின் இதய அறுவையில் எடுக்கப்படும் தைமஸ் திசுவை வளர்த்துத் தொடைத் தசையில் பதிக்கும் சிகிச்சை உண்டு; பிறவியிலேயே தைமஸ் இல்லாதவர்களுக்காக அமெரிக்கா 2021-இல் அதற்கு அனுமதி தந்தது. டி செல்கள் வர மாதக்கணக்கில் ஆகும். முடி வராது, அதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், தாய் தந்தையின் நகங்களையும் ஒருமுறை பாருங்கள். இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதானவர்களுக்கும் சிலசமயம் நகம் குழிந்திருக்கும். இருவருக்கும் அந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. அடுத்த குழந்தை பிறந்த பிறகு அல்ல, கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனைக்கு அனுப்புங்கள்.