சம்ப்ளூ: சட்டியிலிருந்து சாமுராய்க் கதைக்கு

‘சாமுராய் சம்ப்ளூ’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் ரசிகர்களிடம் தலைப்புக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள். முதல் சொல்லை உடனே சொல்லிவிடுவார்கள், இரண்டாவதில் விழிப்பார்கள். அவர்கள்மேல் தவறில்லை. ஜப்பானிலேயே அது தோக்கியோவின் சொல் அல்ல, தெற்கே ஓகினாவாத் தீவுகளின் அடுப்படிச் சொல்.

ஓகினாவாக்காரர்கள் ‘சம்புரூ’ என்பார்கள். அதைத்தான் தொடரின் தலைப்பு ‘சம்ப்ளூ’ என்று எழுதுகிறது. முதலெழுத்தை ‘அச்சம்’ என்பதில் வரும் வல்லோசையோடு சொல்ல வேண்டும். சகரம் அகரத்தோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியர் விதி. ஆனால் சட்டியும் சண்டையும் சந்தையும் என்றோ உள்ளே வந்துவிட்டன. அவற்றின் பின்னால் இதையும் உள்ளே விட்டுவிடலாம்.

சம்புரூ என்பது ஒரு பிரட்டல். பெயர் பெற்றது கோயா சம்புரூ. கோயா என்றால் நம் பாகற்காய். அதைக் கீறி, விதை நீக்கி, பிறை பிறையாக அரிந்து, கெட்டியான டோஃபு (சோயாப் பன்னீர்), முட்டை, பன்றி இறைச்சி ஆகியவற்றோடு பெரிய தீயில் பிரட்டி எடுக்கிறார்கள். 1945 போருக்குப் பிறகு 1972 வரை ஓகினாவா அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் வந்த டின் இறைச்சி வாணலிக்குள் புகுந்து, இன்று வரை வெளியேறவில்லை. பழைய வழக்கப்படி டோஃபு விழுந்தால்தான் அது சம்புரூ. இல்லையென்றால் ‘தாஷியா’ என்று வேறு பெயர். வெளியூர்க்காரர்களுக்கு இந்த நுணுக்கம் எட்டுவதில்லை. கண்டதையும் போட்டுப் பிரட்டினால் சம்புரூ என்கிறார்கள்.

சமையலிலிருந்து சொல் வெளியே நடந்தது. 1879இல் ஜப்பானின் மாவட்டமாக ஆக்கப்படும் வரை இத்தீவுகள் ரியூக்யூ என்ற தனி அரசு. சீனா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா என்று மூன்று பக்கமும் கப்பல் விட்ட அரசு. எல்லாப் பக்கமிருந்தும் வந்ததை வாங்கிக்கொண்ட தங்கள் வாழ்க்கையை ஓகினாவாக்காரர்களே ‘சம்புரூ பண்பாடு’ என்று அழைக்கிறார்கள். கினா ஷோகிச்சி என்ற தீவுப் பாடகர், ராக் இசையையும் ஊர்ப் பாட்டையும் பிணைத்த தம் குழுவுக்கு ‘சம்ப்ளூஸ்’ என்றே பெயர் வைத்தார்.

வேர் எது என்பதில் கட்சிகள் உண்டு. சோறு உண்பதைக் குறிக்கும் ஃபூஜியன் சீனச் சொல்லோடு இணைப்பவர்கள் ஒரு பக்கம். நாகசாகியின் ‘சம்போன்’ நூடுல்ஸுக்கும் அதே மூலத்தைக் காட்டுகிறார்கள். கலத்தல் என்று பொருள்படும் மலாய்ச் சொல் ‘சம்பூர்’தான் வேர் என்பவர்கள் மறுபக்கம். சோற்றோடு பல கறிகளைச் சேர்த்துப் பரிமாறும் ‘நாசி சம்பூர்’ மலேசிய, சிங்கைத் தமிழர்களுக்குப் பழகிய உணவு. என் சாய்வு மலாய்ப் பக்கம்தான், ஒலியும் பொருளும் ஒருசேரப் பொருந்துவதால். 15ஆம் நூற்றாண்டில் ரியூக்யூக் கப்பல்கள் மலாக்காவுக்குப் போய்வந்ததற்கு அவ்வரசின் கடிதத் தொகுப்பே சான்று. 1510களில் மலாக்காவில் இருந்த போர்த்துக்கேயர் தோமே பிரேஷ், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் ஒலித்ததாக எழுதினார். அவர் தரும் வணிகர் பட்டியலில் ரியூக்யூக்காரர்களும் உண்டு, நம் கரையிலிருந்து போன ‘கெலிங்’ வணிகர்களும் உண்டு. நாம் இன்று மொழிபெயர்க்கத் தவிக்கும் இந்தச் சொல்லை அந்தச் சந்தையில் நம்மவர் நாள்தோறும் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது என் சொந்த மகிழ்ச்சி.

இனி தொடர். 2004இல் ஃபூஜி தொலைக்காட்சியில் தொடங்கிய இது, மங்குலோப் என்ற புது நிறுவனத்தின் முதல் தொடர். இயக்கியவர் ஷினிச்சிரோ வாத்தனாபே. மொத்தம் 26 பகுதிகள். 2005இல் அமெரிக்காவில் நள்ளிரவு நேரத்தில் ஒளிபரப்பாகி, விடாப்பிடியான ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. கதை ஒரு வரிதான்: சூரியகாந்தி மணம் கமழும் ஒரு சாமுராயைத் தேடி ஃபூ என்ற பெண் போகிறாள், முகென், ஜின் என்ற இரு வாள்வீரர்கள் துணைக்குப் போகிறார்கள். ஜின் முறைப்படி பயின்றவன். முகென் ரியூக்யூவிலிருந்து வந்தவன். குருவும் இல்லை, பள்ளியும் இல்லை. தலைகீழாக நின்று காலால் உதைத்து, அமெரிக்கத் தெரு நடனம்போலச் சுழன்று வெட்டுகிறான். தலைப்பின் இரண்டாம் சொல் அவன் ஊரிலிருந்து வந்தது தற்செயல் அல்ல.

சாமுராய்கள் வாழ்ந்த பழைய ஜப்பானின் எடோ காலத்துக் கதைக்குப் பின்னணி இசை ஹிப்-ஹாப். அதை அமைத்தவர்களில் ஒருவர் நுஜாபேஸ்; செபா ஜுன் என்ற தம் பெயரைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் புனைபெயர் ஆக்கியவர், 2010இல் விபத்தில் இறந்தார். வாயால் தாளம் போடுபவர்கள், சுவரில் கிறுக்குபவர்கள், ஒரு பகுதியில் அமெரிக்கர்களோடு பேஸ்பால் ஆட்டம் என்று எதுவும் அந்தக் காலத்துக்கு உரியதல்ல. வரலாற்றுப் பிழை தேடுபவர்களை முதல் பகுதியே கிண்டல் செய்து அனுப்பிவிடுகிறது.

இதற்குத் தமிழில் என்ன? ‘கலவை’ என்று பலர் எழுதிவிடுவார்கள். சிமெண்டுக்கு அது சரி. சேர்ந்தபின் எது எதுவென்று தெரியாமல் போவது கலவை. சம்புரூவிலோ பாகற்காய் கடைசி வரை கசக்கிறது. ‘கலப்படம்’ குற்றப்பத்திரிகைச் சொல். ‘அவியல்’ பொருளில் நெருங்குகிறது. காய்கள் தம் உருவத்தை விடுவதில்லை. ஆனால் பெயரிலேயே வேகவைத்தல் இருக்கிறது, சம்புரூவோ பெரிய தீயில் புரளும் பண்டம். சமையல் குறிப்பு மட்டும் எழுதுவதானால் ‘பாகற்காய்ப் பிரட்டல்’ போதும், வேறெதுவும் வேண்டாம்.

தொடரின் தலைப்புக்கு உண்மையில் பொருந்தும் சொல் இலக்கணத்தில் இருக்கிறது: மயக்கம். மயங்குதல் என்றால் கலத்தல். திணை மயங்கலாம், ஆனால் நிலத்தோடு நிலம் மயங்காது என்கிறார் தொல்காப்பியர். எனவே மயங்குவது காலம் என்பது உரை வழக்கு. அவர் சொன்ன காலம் பெரும்பொழுதும் சிறுபொழுதும்தான், நூற்றாண்டுகள் அல்ல. இருந்தாலும் இந்தத் தொடரைப் பாருங்கள். நிலம் எடோ ஜப்பானை விட்டு அசைவதில்லை. காலம் மட்டும் முந்நூறு ஆண்டுகள் முன்னும் பின்னும் புரள்கிறது. என்ன செய்வது, ‘சாமுராய் மயக்கம்’ என்று போட்டால் வீரர் வெயிலில் சுருண்டு விழுந்துவிட்டார் என்று தண்ணீர் தெளிக்க ஆள் வரும்.

ஆகவே நான் ‘கதம்பம்’ என்பதையே எடுப்பேன். வடமொழியிலிருந்து வந்த சொல்தான். சம்ப்ளூவும் கடல் கடந்து வந்த சொல்லாக இருக்கலாம் என்பதால் எனக்கு உறுத்தவில்லை. கதம்பச் சரத்தில் கனகாம்பரம் கனகாம்பரமாகவும் மரிக்கொழுந்து மரிக்கொழுந்தாகவும் இருக்கும். கட்டியிருக்கும் நார் ஒன்று. சாமுராய்க் கதம்பம். சூரியகாந்தியை மட்டும் யாரும் அதில் வைத்துக் கட்டுவதில்லை.