பழ ஈயின் முட்டையில் எல்லை வகுக்கும் கணக்கு

மதுரை சிம்மக்கல் பக்கம் கனிந்த வாழைத்தாரைச் சுற்றி மொய்க்கும் சின்னஞ்சிறு ஈயை நாம் கையால் விரட்டிவிட்டுப் போகிறோம். ஒரு கரு எப்படி உருவெடுக்கிறது என்பதைக் கணக்காகவே எழுதிப் பார்க்க அறிவியலுக்கு வழிவிட்டது அந்தப் பழ ஈதான்.

அதன் முட்டை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளம். தலை வரவேண்டிய முனையில் பைகாய்டு என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ.வைத் தாய் ஈ முன்கூட்டியே வைத்துவிடுகிறது. தொடக்கத்தில் உட்கருக்கள் மட்டும்தான் பிரிகின்றன, இடையே செல் சவ்வு எழும்புவதில்லை. ஆகவே அந்த ஆர்.என்.ஏ.விலிருந்து உண்டாகும் பைகாய்டு புரதம் தடையின்றிப் பரவுகிறது, பரவும்போதே சிதைகிறது. இவ்விரண்டையும் சமன்பாட்டில் வைத்தால், சுமார் 70 மைக்ரோமீட்டருக்கு ஒருமுறை புரதத்தின் அளவு பாதியாகும். 1988-இல் வுல்ஃப்காங் டிரீவரும் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் இந்தச் சரிவைக் கருவில் காட்டினார்கள்.

சரிவு என்றால் எங்கும் ஒரு கோடு இராது. ஆனால் ஹன்ச்பேக் என்ற மரபணு முன்பாதியில் இயங்குகிறது, நடுவைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஹன்ச்பேக்கின் டி.என்.ஏ.வில் பைகாய்டு பல இடங்களில் ஒட்டுகிறது. ஒன்று ஒட்டினால் அடுத்தது ஒட்டுவது எளிதாகிறது. எல்லையில் உள்ள செறிவை 1 என்று கொண்டு, ஓர் இடத்துச் செறிவு 'செ' என்றால், மரபணு இயங்கும் அளவு செ⁵ / (1 + செ⁵). மேலூரிலோ திருமங்கலத்திலோ பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகூடப் போட்டுப் பார்க்கலாம். செ 2 ஆனால் 97 சதவீதம், 1 ஆனால் 50, பாதியானால் வெறும் 3. அந்த அடுக்கு 5 இல்லாவிட்டால் இதே இடங்களில் 67, 50, 33 என்றுதான் வரும். எல்லை மங்கிவிடும்.

தாய் ஈயிடம் பைகாய்டு மரபணுவின் பிரதிகளை இரட்டித்தால் எல்லை 70 மைக்ரோமீட்டர் பின்னுக்குப் போகவேண்டும் என்கிறது கணக்கு. சோதனையில் பின்னுக்குப் போனது, ஆனால் அவ்வளவு தூரம் போகவில்லை. கணக்கு பொய்த்த இந்த இடம்தான் பெரிய லாபம். பைகாய்டு மட்டும் எல்லையை வகுப்பதில்லை என்று அது சொல்லிவிட்டது. ஹன்ச்பேக், கிரப்பெல், நிர்ப்ஸ், ஜயன்ட் ஆகிய மரபணுக்கள் ஒன்றையொன்று அடக்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு: உண்டாவது எவ்வளவு, பரவி வருவது எவ்வளவு, சிதைவது எவ்வளவு. 2004-இல் இவற்றைச் சேர்த்துத் தீர்த்தபோது, பின்பாதியில் இந்த மரபணுக்கள் இயங்கும் பட்டைகள் நின்ற இடத்தில் நில்லாமல் தலைப்பக்கம் நகர்வதற்கும் காரணம் கிடைத்தது: பின்னால் இருக்கும் மரபணு முன்னால் இருப்பதை அடக்கும் வலு, முன்னது பின்னதை அடக்கும் வலுவைவிட அதிகம்.