‘தற்காலிகச் சேமிப்பு’ வேண்டாம், ‘கையிருப்பு நகல்’ போதும்

போன வாரம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அம்மா செல்போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். இலைப் பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும், ஆனால் வங்கியின் பக்கம் திறக்காமல் வெள்ளையாகவே நிற்கிறது. யாரோ சொன்னதைக் கேட்டு பிரவுசரின் அமைப்புகளுக்குள் போயிருக்கிறார், அங்கே ஒரு வரியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. “தம்பி, சேமிப்பை அழிக்கவான்னு கேக்குது. நான் ஒண்ணையும் தொடல.”

திறந்த பக்கங்களின் நகலை பிரவுசர் போனிலேயே வைத்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் கேஷ் (cache) என்று பெயர், அதைத்தான் ‘தற்காலிகச் சேமிப்பு’ என்று தமிழாக்கியிருக்கிறார்கள். இதே பயத்தை நான் பார்ப்பது இது மூன்றாவது தடவை, அதனால்தான் எழுதுகிறேன். அவர் வங்கியில் வைத்திருப்பது சேமிப்புக் கணக்கு. தபால் நிலையத்தில் போடுவது சிறுசேமிப்பு. நாற்பது வருடமாக அந்தச் சொல்லுக்கு அவரிடம் ஒரே பொருள்தான், வயிற்றைக் கட்டி எடுத்துவைத்த பணம். அதை ‘அழி’ என்ற வினையோடு சேர்த்து, வங்கிப் பக்கத்தைத் திறக்க வந்தவரிடமே காட்டினால் பயப்படாமல் என்ன செய்வார்? பக்கத்தில் ‘தற்காலிக’ என்று ஒரு அடைமொழி நிற்கிறதே என்பீர்கள். பயந்தவர் கண்ணில் அடைமொழி படுவதில்லை.

கேஷ் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மறைத்துவைப்பது என்று பொருள். வட அமெரிக்கக் காடுகளில் தோலுக்காக வேட்டையாடியவர்கள் உணவையும் தோலையும் ஒளித்துவைத்த இடத்தை இப்படிச் சொன்னார்கள். 1965-இல் பிரிட்டிஷ் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் கணினிக்குள் இந்த ஏற்பாட்டை விவரித்தபோது ‘அடிமை நினைவகம்’ என்று பொருள்படும் பெயரைத்தான் வைத்தார். 1968-இல் ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 மாடல் 85 என்ற கணினி பற்றிய கட்டுரைகளில் கேஷ் என்ற பெயர் வந்தது, அதுவே நிலைத்துவிட்டது. சொல்லின் பிறப்பு அவ்வளவுதான். இன்னொன்று, ஆங்கிலத்தில் இதற்கும் ரொக்கத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் உச்சரிப்பு ஒன்றேதான். “கேஷை கிளியர் பண்ணுங்க” என்று இணைய மையத்தில் பையன்கள் சொல்லும்போது, வந்தவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று சட்டைப்பையைத் தடவுவார். ஆக ஆங்கிலத்தை அப்படியே விட்டாலும் பணம், தமிழாக்கினாலும் பணம்!

சரி, அது செய்யும் வேலை என்ன? ஒரு பக்கத்தைத் திறந்ததும் அதன் படங்கள், எழுத்துரு, நிரல் கோப்புகள் ஆகியவற்றின் நகலை பிரவுசர் உங்கள் போனிலேயே வைத்துக்கொள்ளும். அடுத்த முறை முழுவதையும் இறக்காமல், என்னிடம் இருப்பது இன்னும் செல்லுமா என்று சர்வரிடம், அதாவது பக்கத்தை அனுப்பும் கணினியிடம், கேட்கும். மாற்றம் இல்லையென்றால் 304 என்ற எண்ணோடு ஒரு சின்னப் பதில் வரும், நகலையே காட்டிவிடும். சில கோப்புகளுக்கு அந்தக் கேள்விகூடக் கிடையாது, ஒரு வருடம் வரை கேட்காமலே வைத்துக்கொள் என்று சர்வரே சொல்லி அனுப்பியிருக்கும். தளத்தை மாற்றிய பிறகு பழைய நகலும் புதுக் கோப்பும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போனால் பக்கம் பாதியில் நிற்கும், இல்லையென்றால் வெள்ளையாகும். அந்த அம்மாவின் போனில் மறைநிலைச் சாளரத்தில் (incognito) அதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பழைய நகலையும், தளங்கள் போனில் போட்டுவைக்கும் குக்கி என்ற சின்னக் குறிப்புகளையும் அது எடுக்காது. உடனே திறந்தது. கோளாறு பழைய சரக்கில்தான் என்று தெரிந்துவிட்டது.

இப்போது ‘தற்காலிக’ என்பதைப் பாருங்கள். ஒரு வருடம் இருக்கும் பொருளுக்கு அது என்ன தற்காலிகம்? அது வடமொழி என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை, அது பேசுவது காலத்தை, கேஷில் முக்கியம் தூரம். தொலைவில் இருப்பதன் நகல் அருகில் இருக்கிறது, அதனால் வேகம். அந்தத் தூரத்தை இந்தச் சொல் தொடவே இல்லை.

‘பதுக்ககம்’ என்பவர்களும் இருக்கிறார்கள். வேர்ச்சொல்லுக்கு நேர்மையாக இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நமக்குப் பதுக்கல் என்றால் ரேஷன் அரிசி, மண்ணெண்ணெய், போலீஸ். பிரெஞ்சு வேட்டைக்காரர் ஒளித்துவைத்தார் என்பதற்காக நம் போனும் எதையோ ஒளிப்பதுபோல் ஆக்குவது எதற்கு? சொல்லின் பிறப்பைத்தான் மொழிபெயர்த்திருக்கிறார்கள், அது செய்யும் வேலையை விட்டுவிட்டார்கள். ‘தேக்ககம்’ கொஞ்சம் அழகு. ஆனால் எங்கள் மலையின் பைக்காரா, எமரால்டு அணைகளில் தேங்கி நிற்பது அந்தத் தண்ணீரேதான், வேறெங்கோ இருக்கும் தண்ணீரின் நகல் இல்லை. தேக்கம் என்றால் வேலை நடக்காமல் நிற்பது என்றும் பொருள் இருக்கிறது, வேகத்துக்காக வைத்த ஒன்றுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

எனக்குப் பிடித்தது கடைக்காரர் சொல், கையிருப்பு. எங்கள் ஊர்க் கடைக்குச் சரக்கு மேட்டுப்பாளையத்திலிருந்துதான் ஏறி வரும். ஒவ்வொரு கிலோ வெங்காயத்துக்கும் மலை இறங்க முடியாது, அதனால் கையில் இருப்பு வைக்கிறார்கள். 2009 நவம்பரில் மண் சரிந்து மலைச் சாலைகள் அடைபட்டபோது அந்த இருப்பில்தான் அடுப்பு எரிந்தது. இருப்பு பழசானால் தள்ளிவிட்டுப் புதுசு இறக்குவார்கள், யாரும் பயப்பட மாட்டார்கள். தூரம், வேகம், பழசாகும் ஆபத்து மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன.

கையிருப்பு என்றால் கையில் உள்ள ரொக்கம் என்றும் பொருள் உண்டே, விற்றால் தீர்ந்துவிடுமே என்று கேட்கலாம். இரண்டுமே நியாயமான கேள்விதான். அதனால் ‘நகல்’ சேர்க்கிறேன். கையிருப்பு நகல் என்றால் பணமும் இல்லை, எடுத்தால் தீர்வதும் இல்லை, அசல் வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

வினையையும் மாற்ற வேண்டும். ‘அழி’ வேண்டாம், ‘நீக்கு’ போதும். மொழிபெயர்ப்பவருக்குப் பெரும்பாலும் சொற்கள் தனித்தனி வரியாகத்தான் வருகின்றன, அந்த வரி எந்தத் திரையில், யார் முன்னால் வரும் என்பது தெரிவதில்லை. அப்படியிருந்தும், எழுதிய வரியை வீட்டில் ஒரு பெரியவரிடம் ஒரு தரம் படித்துக் காட்டியிருந்தால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்தப் பத்து நிமிட வேலையைக்கூடச் செய்யாமல், தமிழில் போட்டால் யாருக்கும் புரிவதில்லை என்று அப்புறம் தமிழ்மேல் பழி போடுகிறார்கள். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பொத்தானில் இடம் போதாது என்ற பதிலும் செல்லாது. ‘தற்காலிகச் சேமிப்பை அழி’, ‘கையிருப்பு நகல்களை நீக்கு’, இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். கணினியின் மூளையான செயலிச் சில்லுக்குள் (processor) இருக்கும் கேஷுக்கு ‘கையிருப்பு நினைவகம்’ என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அம்மாவிடம் “கையிருப்புல இருக்கிற பழைய நகலைத் தூக்கிட்டு வங்கியிலிருந்து புதுசா எடுக்குதும்மா” என்றேன். சரி, செய் என்று போனைக் கொடுத்தார். கடவுச்சொற்களும் சேர்ந்து போய்விடாதபடி அந்தப் பெட்டியில் டிக் இல்லாமல் பார்த்துக்கொண்டு நீக்கினேன், பக்கம் திறந்தது, இலைப் பணமும் ஏறியிருந்தது.