மானியம்: வயலாக இருந்த சொல்

தோவாளைப் பக்கம் மாமா ஒருவர் பவர் டில்லருக்கு மானியம் கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார். திண்ணையில் இருந்த பாட்டா கேட்டார்: "மானியமா? எத்தனை மரக்கால் விதைப்பாடுடே?"

விதைக்கிற நெல்லை வைத்து நிலத்தை அளக்கும் பழைய கணக்கு அது. நாங்கள் சிரித்துவிட்டோம். அப்புறம் அகராதியைப் புரட்டினால், பாட்டா பக்கம்தான் நியாயம் இருந்தது.

வடமொழியில் 'மான்ய' என்றால் மதிப்புக்கு உரியது. அதிலிருந்து வந்த மானியம், தமிழில் முதலில் பணமே அல்ல. வரி வாங்காமல் விட்டுக்கொடுத்த நிலம். கோயில் வேலை, ஊர் வேலை பார்த்தவர்களுக்குக் கிடைத்தது. குமரி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் ஊழியத்துக்கு விட்ட நிலத்தை விருத்தி என்றார்கள். கல்வெட்டுத் தமிழில் இறையிலி: இறை என்றால் வரி, அது இல்லாதது இறையிலி. அழகான சொல்தான். ஆனால் இன்றைய மானியத்துக்கு அதை வைக்க முடியாது. வரியை விடுவது வேறு, கையில் காசு கொடுப்பது வேறு.

காசு என்ற பொருள் ஒட்டிக்கொண்டது 'சப்சிடி'க்கு ஈடாக இச்சொல்லைப் பிடித்தபோது. சப்சிடியின் மூலம் லத்தீன். போரில் பின்வரிசையில் காத்திருந்து, முன்வரிசை தளரும்போது இறங்கும் துணைப்படைக்கு அங்கே அந்தப் பெயர். குமரி மண் அந்தச் சொல்லைத் தலைகீழாகத்தான் முதலில் சந்தித்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் செலவுக்குத் திருவிதாங்கூர் கட்டிய தொகைக்குப் பெயர் சப்சிடி. 1805 உடன்படிக்கையில் அது ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அப்போது தளவாய், அதாவது தலைமை அமைச்சர், நம் தலக்குளத்து வேலுத்தம்பி. அந்தப் பாக்கித் தகராறும் சேர்ந்துதான் 1809 கிளர்ச்சியில் போய் முடிந்தது. அன்றைக்குச் சப்சிடி கொடுத்தது நாம், வாங்கியது கம்பெனி.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? குழப்பம் மானியத்தை இரண்டு வேலைக்கு வைத்திருப்பதில் இருக்கிறது. சட்டமன்றத்தில் 'வேளாண்மைத் துறை மானியக் கோரிக்கை' என்று செய்தி வந்தால், உரம் மலிவாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது துறையின் செலவுக்குப் பேரவை ஒதுக்கும் பணம். அதற்கு 'நல்கை' பொருந்தும். விலையையோ செலவையோ அரசு பகிர்ந்துகொள்வதற்கு 'மானியம்' இருக்கட்டும். ஊரில் வேரூன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவதற்கில்லை.

பழைய மானியத்துக்கு ஒரு குணம் உண்டு: யாருக்கு என்பது ஒளிவுமறைவாக இருக்காது. 866ஆம் ஆண்டுப் பார்த்திவசேகரபுரம் செப்பேட்டைப் பாருங்கள். ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கிக் கோயில் எடுக்கிறான், 95 பேர் வேதம் படிக்கச் சாலை, அதாவது கல்விக்கூடம், அமைக்கிறான். எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பது வரை அதில் இருக்கிறது: 45, 36, 14.

இன்று செப்பேட்டின் இடத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் 4ஆம் பிரிவு, மானியத் திட்டம் எப்படி நடக்கிறது, எவ்வளவு ஒதுக்கினார்கள், பயனாளிகள் யார் என்பதை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு பணம் கொடுக்கும் பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. பயனாளிப் பட்டியல் ஊர்வாரியாக இணையத்தில் கிடக்கிறது. 2020இல் தமிழ்நாட்டில் முறைகேடு வெளிவந்தபோது, விவசாயிகளே அல்லாதவர்களும் அதில் பணம் வாங்கியிருந்தார்கள். பட்டியல் இருந்தால் மட்டும் போதாது, ஊர்க்காரர் வாசிக்கவும் வேண்டும்.

'பயனாளி' என்ற சொல்லிலும் எனக்கு ஒரு சந்தேகம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. கடையில் ஆதார் எண்ணைச் சொல்லி, கருவியில் விரலை வைப்பது மாமா. அந்த விற்பனைக் கணக்கை வைத்து மானியப் பணம் போவது உரக் கம்பெனிக்கு. மலிவு மாமாவுக்கு, காசோ அங்கே.

இதைப் பாட்டாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: "அப்போ மானியக்காரன் யாருடே?"