ஆத்தோரப் புல்வெளியில இருக்கற அந்த மேடு பள்ளத்தை நிரவிடாதீங்க

இங்கிலாந்தோட தெற்குப் பக்கம், வில்ட்ஷயர், ஹாம்ப்ஷயர், டார்செட் ஆத்தோரங்கள்ல நடந்தவங்க கவனிச்சிருக்கலாம், புல்வெளி பூரா ஒரே சீரா மேடு, பள்ளம், மேடு, பள்ளம்னு ஓடும். ரோடு, பைப் லைன், வீடுன்னு எது வர்றதுக்கு முன்னாடியும் நிலத்தை சர்வே பண்ற தொல்லியல் வேலை என்னோடது, அதுல சத்தமே இல்லாம அழியறதுன்னு பாத்தா இந்த மேடுகள்தான் முதல்ல நிக்குது.

இது வாட்டர் மெடோ, 17-ம் நூற்றாண்டுலேர்ந்து ஆளுங்க மண்வெட்டியால வெட்டி உருவாக்குன பாசனம். சுண்ணாம்புப் பாறையிலேர்ந்து ஊறி வர்ற தண்ணி வருஷம் பூரா கிட்டத்தட்ட 10 டிகிரியிலயே இருக்கும், வெளிய பனி உறைஞ்சு கெடந்தாலும் அதேதான். ஆத்துல மதகு போட்டு அந்தத் தண்ணியைத் திருப்பி, பெரிய வாய்க்கால்ல கொண்டாந்து, ஒவ்வொரு மேட்டு உச்சியிலயும் ஓடற சின்ன வாய்க்கால்ல விடுவாங்க, அது ரெண்டு பக்கமும் வழிஞ்சு, சரிவுல மெல்லிசா எறங்கி, பள்ளத்துல இருக்கற வடிகால்ல விழுந்து மறுபடி ஆத்துக்கே போயிரும். நிக்கவே கூடாது, நின்னா புல்லு அழுகிரும். இதைப் பாத்துக்கன்னே ட்ரௌனர்னு தனி ஆள் இருந்தாங்க.

இவ்ளோ மெனக்கெடல் எதுக்குன்னா, மார்ச், ஏப்ரல்ல சேத்து வச்ச தீவனம் தீந்துரும், மத்த நிலத்துல புல்லு இன்னும் கிளம்பியிருக்காது, இங்க மட்டும் வேர் உறையாததால சில வாரம் முன்னாடியே மேய்ச்சல் ரெடியா இருக்கும். பகல்ல இங்க மேஞ்ச ஆட்டை ராத்திரி மேட்டு வயல்ல கொண்டுபோய் கிடை போடுவாங்க, அந்த எருவுலதான் கோதுமையும் பார்லியும் வெளஞ்சுது. ஹெரஃபோர்ட்ஷயர்ல ரோலண்ட் வான் தன்னோட நீர்ப் பாசனத்தைப் பத்தி 1610-லயே புத்தகம் போட்டுட்டார், வில்ட்ஷயர்ல வைலி ஊர்க்காரங்க 1632-ல கூடிப் பேசி ஒப்பந்தம் போட்டு ஆரம்பிச்சாங்க. அப்புறம் செயற்கை உரம் வந்துச்சு, கூலி ஏறுச்சு, 19-ம் நூற்றாண்டுக் கடைசியில விவசாயமே படுத்துச்சு, ஒண்ணொண்ணா கைவிட்டாங்க.

இப்ப சிக்கல் என்னன்னா, இந்த மாதிரி இடத்துல குழி வெட்டுனா பெருசா ஒண்ணும் கிடைக்காது, புகையிலை பிடிக்கிற களிமண் குழாய்த் துண்டு ரெண்டு வந்தா அதிகம். "ஒண்ணுமே இல்லையே, நிரவிரலாமா"ன்னு கேப்பாங்க. ஆனா மேட்டைக் குறுக்க வெட்டிப் பாருங்க, உச்சி வாய்க்காலோட அடியில மெல்லிசு மெல்லிசா வண்டல் படிஞ்சிருக்கும், அதைத் தூர் வாரி மறுபடி படிஞ்ச தடமும் தெரியும், மதகு இருந்த எடத்துல ஈரத்துலயே கெடந்ததால ஓக் கட்டை மக்காம இருக்கும், மர வளையத்தை வச்சு அதோட வயசைக் கூட சொல்லலாம். எல்லாத்துக்கும் மேல, தண்ணி ஓட சில அங்குல வாட்டம்தான் வச்சிருப்பாங்க, அந்த வாட்டம்தான் இங்க சாட்சியே, புல்டோசர் ஒரு தடவை போயிட்டா அதை எந்த மியூசியத்துலயும் எடுத்து வைக்க முடியாது.

இடைக்கால உழவு மேடுன்னு நெனச்சுக் குழப்பிக்கறவங்களும் உண்டு. உச்சியில நீளவாக்குல ஒரு பள்ளம் ஓடி, ஒரு முனையில பெரிய வாய்க்காலோட சேர்ந்தா அது பாசன மேடுதான். இங்கிலாந்து அரசோட சுற்றுச்சூழல் அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சியோட லைடார் படம், அதாவது விமானத்துலேர்ந்து லேசர் வச்சு நிலத்தோட ஏத்த எறக்கத்தை அளந்த படம், இணையத்துல இலவசமாவே இருக்கு, உங்க ஊர் ஆத்தோரத்தைத் தேடிப் பாருங்க, விரல் விரலா தெரியும்.

அழிக்கறது கட்டடக்காரங்க மட்டும்னு நெனைக்காதீங்க. ஆத்தைப் பழைய இயல்புக்குத் திருப்பறோம்னு நல்லெண்ணத்தோட வாய்க்காலை மூடறதும், குளம் வெட்டறதும் கூட இதைக் கிழிச்சுட்டுதான் போகுது. பெரும்பாலான இடங்களுக்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம்ங்கற அந்தஸ்து கிடையாது. 2023-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஐரோப்பாவோட மரபுப் பாசனம் ஏறுச்சு, ஜெர்மனி, சுவிட்சர்லாந்துன்னு 7 நாடு, அதுல இங்கிலாந்து இல்ல, எனக்கு அது பெரிய வருத்தம்.

நேர்ல பாக்கணும்னா சாலிஸ்பரி போங்க, கதீட்ரல் பக்கத்துல ஹார்ன்ஹாம், டவுன் பாத்ங்கற நடைபாதை வழியா நடந்தாலே தெரியும், 1990-லேர்ந்து ஒரு டிரஸ்ட் அதைக் காப்பாத்திட்டு வருது. இங்கிலாந்துல ஆத்தோரமா நிலம் வச்சிருக்கறவங்க, ஆத்து சீரமைப்புல தன்னார்வலரா போறவங்க, மண்ணுல கை வைக்கறதுக்கு முன்னாடி உங்க கவுன்ட்டியோட (மாவட்டத்தோட) தொல்லியல் இடங்களைப் பதிஞ்சு வைக்கற ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ரெக்கார்டுக்கு ஒரு ஈமெயில் போட்டு, இந்த எடத்துல வாட்டர் மெடோ பதிவு இருக்கான்னு கேளுங்க.